பட்டணத்து அம்மாள் நடக்க இடம் கேட்டார்

"இந்த ஊர்ல நடக்கிறதுக்கு எடம் எங்க இருக்குதுங்க?"

அந்த அம்மாள் இப்படிக் கேட்டபோது என் தகப்பனாருக்கு விளங்கவில்லை. மருந்துப் புட்டியில் வேளைக்கு ஒன்றாகக் காகிதக் கோடு ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கம்மா போவணும்?"

"எங்கியும் போக வேணாம். சும்மா நடக்கணும்."

"சும்மான்னா?"

"போயிட்டுத் திரும்பி வரணும். அவ்வளவுதான்."

என் தகப்பனார் தேவசகாயம் திருத்தணியில் மிஷன் மருந்துச் சாலையின் கம்பவுண்டர். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மலைக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், ரயிலுக்கு ஓடுகிறவர்கள் என்று அந்தச் சன்னல் வழியாக ஊரையே பார்த்தவர். எங்கும் போகாமல் நடக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டது அவருக்கு அதுவே முதல் தடவை.

சித்திரை வெயில். மருந்துச் சாலையின் ஓட்டுக் கூரைக்குக் கீழே டிஞ்சர் வாடையும் வியர்வை வாடையும் கலந்து அடித்தன. அந்த அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் கமலவேணி. திருவல்லிக்கேணிக்காரர், முதலியார் வீடு. சர்க்கரை வியாதிக்காக, பல வருஷமாக மாலை வேளையில் கடற்கரையில் நடந்து வந்தவர். நடக்காமல் இருந்தால் மருந்து மட்டும் பிரயோஜனப்படாது என்று அவருடைய பட்டணத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம்.

நைனா கொஞ்சம் யோசித்துவிட்டு, உள்ளே பஞ்சு மடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"இதுங்க என் பொண்ணு எஸ்தர். மிஷன் ஸ்கூல்ல டீச்சரு. இப்ப லீவு, சும்மாதான் கீது. ஏரிக்கரைக்கு இட்டுகினு போவும்."

என்னை யாரும் கேட்கவில்லை.

பட்டணம் வந்து இறங்கியது

இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அது யுத்த காலம். ஜப்பான்காரன் கப்பலில் வந்துவிட்டான், சென்னைமேல் குண்டு போடப் போகிறான் என்ற பேச்சு கிளம்பி, பட்டணத்தில் பாதிப் பேர் கிடைத்த ரயிலில் ஏறினார்கள். திருத்தணியில் நின்ற வண்டிகளிலிருந்து மூட்டை, தகரப் பெட்டி, தையல் மெஷின், கூண்டோடு கிளி எல்லாம் இறங்கின. எங்கள் ஊரில் மாட்டுக் கொட்டகைகளுக்கெல்லாம் வெள்ளையடித்து ஆள் குடிவைத்தார்கள். வந்தவர்கள் ஐஸ் கேட்டார்கள். காலைப் பத்திரிகை ஏன் சாயந்திரம் வருகிறது என்று கேட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் முருகனைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

கமலவேணி அம்மாளின் கணவர் ஒரு கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. யாரும் இடத்தை விட்டு அசையக்கூடாதென்று உத்தரவு என்பதால் அவர் பட்டணத்திலேயே தங்கிவிட்டார். மனைவியையும், விதவையான தன் தங்கை ராஜத்தையும் மட்டும் இங்கே அனுப்பியிருந்தார். மலையடியில் ஒரு தெருவில் வாடகை வீடு.

அம்மாளுக்கு இது இரண்டாவது ஓட்டம். முதல் யுத்தத்தில், அவர் கல்யாணமாகி வந்த புதிதில், எம்டன் கப்பல் வந்து சென்னையின் எண்ணெய்க் கிடங்கைச் சுட்டது. மொட்டை மாடியில் நின்று அந்த நெருப்பைப் பார்த்தாராம். "அப்ப ஊரே மாட்டு வண்டியில ஓடிச்சு. இப்ப ரயிலு. அதான் வித்தியாசம்" என்பார்.

எங்கியும் இல்ல

வெயில் தாழ்ந்ததும் நாங்கள் மூவரும் கிளம்புவோம். அம்மாள் முன்னால், நான் பக்கத்தில், நாலடி பின்னால் ராஜம். ராஜத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேசமாட்டார். அண்ணி நடக்கிறாரே என்பதற்காக நடந்தவர்.

ஊருக்கு எங்களைப் பார்த்துத் தாங்கவில்லை. மூன்று பொம்பளைகள் கையில் கூடையில்லாமல், குடமில்லாமல், தினம் ஒரே நேரத்துக்கு ரோட்டில் போவதென்றால்?

"எங்கம்மா போறீங்க?" என்று கடைக்காரர் கேட்பார்.

"எங்கியும் இல்ல" என்பார் அம்மாள்.

"யார் வூட்லயாவது துக்கமா?"

"இல்லீங்க. நடக்கிறோம்."

ஒரு வாரத்தில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. பட்டணத்தம்மாவுக்கு ஏதோ வேண்டுதல் என்று தீர்மானித்துவிட்டார்கள். அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. இரண்டொருவர் கும்பிடக்கூடச் செய்தார்கள்.

ரயில் பாதையைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகளை ஒட்டிப் போனால் ஏரிக்கரை வரும். மேலே ஏறினால் காற்று. தண்ணீர் நடுவில் மட்டும் கொஞ்சம் கிடக்கும். மீதியெல்லாம் வெடித்த சேறு. எதிரே மலை, அதன் மேல் கோபுரம். அம்மாள் அந்தக் காற்றை மூக்கு நிறைய இழுத்து, "உப்புதான் இல்ல" என்பார்.

மணலும் மண்ணும்

நடந்துகொண்டே அவர் தன் கடற்கரையைப் பற்றிச் சொல்லுவார். பள்ளிக்கூடத்துச் சரித்திரம்போல இருக்காது. பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்போல இருக்கும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கொண்டுவந்து சேர்த்துவைத்த வட்டமான கட்டடம். துறைமுகம் கட்டின பிறகு கடல் எப்படி விலகி விலகிப் போயிற்று, நடுவில் எப்படி மணல் சேர்ந்தது என்ற கதை. "எங்க மாமியார் காலத்துல ரோட்டுலேர்ந்து அலை அவ்வளவு கிட்டக்க இருந்துச்சாம். இப்ப நடந்து நடந்து கால் வலிக்குது. மனுசன் ஒரு எடத்துல கல்லைப் போட்டான், கடல் இன்னொரு எடத்துல மண்ணைப் போட்டுது."

எதைப் பார்த்தாலும் யார் கட்டினது, எப்போது, எதற்கு என்று கேட்பது அவர் வழக்கம். திருத்தணியிலும் கேட்டார். இந்த மண்டபம் யார் கட்டினது? தெரியாது. இந்தக் கிணறு? ஜமீன்தாரா இருக்கும். மலைப்படி? அது முருகனே வைத்தது. எங்கள் ஊரில் எல்லாமே ஆதியிலிருந்து அப்படியே இருந்தவைதான்.

அம்மாளுக்கு எப்போதும் தாகம். நான் வீட்டிலிருந்து பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுபோவேன். அண்ணாந்து குடிப்பார். ராஜம் ஒரு நாளும் குடித்ததில்லை. அதை நான் கவனித்திருந்தேன். அம்மாள் கவனித்ததாகத் தெரியவில்லை. எங்களை அவர் 'வேதக்காரங்க', கிறிஸ்தவர்கள், என்று மட்டும் நினைத்திருந்தார். அதற்கு முன்னால் நாங்கள் யார் என்று பட்டணத்துக்காரர்களுக்குத் தெரிய வழியில்லை. ஊர்க்காரர்களுக்கோ, சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வைகாசியில் ஒரு மாலை. அம்மாள் தண்ணீர் குடித்துவிட்டு, கூஜா மூடியைக் கையில் வைத்தபடி கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இத்தனாம்பெரிய கரை. இதையாவது யார் போட்டாங்கன்னு தெரியுமா எஸ்தர்?"

"எங்க ஆளுங்கம்மா" என்றேன்.

"எங்க ஆளுங்கன்னா? மிஷன்காரங்களா?"

"இல்லம்மா. தாது வருசப் பஞ்சத்துல கூலிக்கு மண்ணு சுமந்து போட்டது. அதோ அந்தச் சேரிதான் எங்க பழைய ஊரு. எங்க தாத்தாவும் சுமந்தார்."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. நைனாவைக் கேட்டால், "பஞ்சத்துல எல்லாம் போயிட்டாங்க" என்று முடித்துவிடுவார்.

 அம்மாள் மூடியைத் திருகி, கூஜாவை என்னிடம் கொடுத்தார். திரும்பினோம். இறக்கத்தில் அம்மாள் ஒரு முறை "ஸ்" என்று நின்று காலைப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். ராஜம் நாலடி பின்னால் இல்லை. ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்குப் போயிருந்தார்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பின்வாசல்

எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது, ஆச்சரியம்தான் இல்லை. நடந்து பழகிவிட்டதால் தனியாகவே கரைக்குப் போய் வந்தேன். கடைக்காரர் மட்டும், "வேண்டுதல் முடிஞ்சிட்டுதா?" என்று கேட்டார்.

ஐந்தாறு நாள் கழித்து ராஜம் மருந்துச் சாலைக்கு வந்தார். சன்னலிலிருந்து தள்ளியே நின்றார்.

"அண்ணிக்குக் கால் வீங்கியிருக்குது. முள்ளு. யார்கிட்டயும் சொல்லாம வச்சுக்கினு இருந்துட்டாங்க. இப்ப ஜுரமும் அடிக்குது."

நைனா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். வாடகை வீட்டின் சொந்தக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஊர்க்காரர், நைனாவை நன்றாகத் தெரிந்தவர், அவரிடம் மருந்து வாங்கிக் குடித்தவர்.

"தேவசகாயம், பின்பக்கமா வா" என்றார்.

பின்கட்டுக்கும் வெளியே, கிணற்றடியில் வைத்துத்தான் முதல் கட்டுப் போட்டது. அம்மாளை ராஜம் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடத்தி வந்தார். பெருவிரலுக்குப் பக்கத்து விரல் கறுத்திருந்தது. வாடை வந்தது. நைனாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இனிமே இந்தக் கால கீழ ஊனக் கூடாதும்மா. ரெண்டு வேளையும் கட்டு மாத்தணும். படுத்தே கெடக்கணும்."

"அப்ப நீங்க உள்ள வந்துதானே கட்டணும்?"

 நைனா பஞ்சை மடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பின்கதவருகே நின்றபடி, "அது நம்ம வீட்ல வழக்கமில்லீங்கம்மா. நீங்க பெரிய எடம், ஒங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

அம்மாள் அவரைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது.

"டீச்சர், ஒங்க பள்ளிக்கூடம் லீவுதானே?"

"ஆமாம்மா."

"ஒரு ரூம் குடுப்பாங்களா?"

"அண்ணி!" என்றார் ராஜம்.

"காலு என்னுது, ராஜம்."

நல்ல மனதால் செய்தாரா, காலைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தாரா என்று பிற்பாடு பலர் என்னிடம் கேட்டதுண்டு. நான் அவரிடம் கேட்டதில்லை. வண்டி கட்டி அன்றைக்கே மூன்றாம் வகுப்பு அறைக்குக் கொண்டுவந்தோம். பெஞ்சுகளைச் சுவர் ஓரம் அடுக்கிவிட்டு, நடுவில் கட்டில். கரும்பலகையில் பரீட்சைக்கு முன் யாரோ எழுதிய பெருக்கல் வாய்பாடு அப்படியே இருந்தது.

ராஜம் வாடகை வீட்டிலேயே சமைத்து, தூக்கில் கொண்டுவருவார். அண்ணி சாப்பிடும்வரை அறைக்கு வெளியே சன்னலோரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். எங்கள் வீட்டுத் தண்ணீரை அம்மாள் அப்போதும் குடித்தார். ராஜம் தனக்கென்று ஒரு செம்பில் கொண்டுவந்துகொண்டார்.

பேசிக்கினே செய்யுங்க

புண்ணைச் சுத்தம் செய்யும்போது வலி உயிர்போகும். அம்மாள் கத்தமாட்டார், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுவார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"கம்பவுண்டரய்யா, எதனாச்சும் பேசிக்கினே செய்யுங்க."

"இன்னாம்மா பேசறது?"

"அந்தக் கரையைப் பத்திச் சொல்லுங்க."

நைனா பஞ்சை மருந்தில் நனைத்தார். பிறகு, யாரைப் பற்றியோ சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"மொதல்ல ஆடு மாடு செத்துதாம். அப்புறம் வெத நெல்லத் துன்னாங்க. அப்புறம் கத்தாழக் கெழங்கு. அத தண்ணி மாத்தி மாத்தி வேக வச்சிதான் துன்னணும். அவசரப்பட்டவன் வயிறு உப்பிச் செத்தான்."

"ஆவ்... ம். சொல்லுங்க."

"அப்பத்தான் சர்க்கார்ல கர போடற வேல குடுத்தாங்க. ஒரு கூடை மண்ணுக்கு இத்தினி தானியம்னு. கூடை கொறஞ்சா மேஸ்திரி தள்ளி வச்சிருவான். எங்க அப்பாரு மீச மொளைக்காத வயசு. அவங்கம்மாவோட சுமந்தாரு. ரவ ஈரமா இருந்தா மண்ணு கும்பலா ஒட்டிக்கினு நிக்கும், கூடை ரொம்பினா மாதிரி தெரியும்னு, ஏரிக்குள்ள குழி தோண்டி ஈர மண்ணா பாத்து எடுப்பாங்களாம். அந்த மண்ணு கனம், சொமக்க முடியாம அதாலயே உயுந்தவங்களும் உண்டு."

இந்தக் குரலை நான் கேட்டதில்லை. என் ஐயாயிரம் கேள்விக்கும் ஒரு வரியில் பதில் சொன்ன மனிதர், முன்பின் தெரியாத ஒரு முதலியார் வீட்டு அம்மாளுக்கு, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே போனார். கட்டு முடிந்ததும் கதையும் நிற்கும். மறு வேளை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். விழுந்தவர்களைக் கரையின் வெளிச்சரிவிலேயே மண்ணைத் தள்ளி மூடியதைச் சொன்னார். பிள்ளைகளுக்கு மட்டும் கஞ்சி ஊற்றிய மிஷன் கொட்டகையைச் சொன்னார். என் தாத்தா அங்கே போனவர், அங்கேயே தங்கிப் படித்து, ஞானஸ்நானம் பெற்றதைச் சொன்னார். நான் கிண்ணத்தையும் கத்தரியையும் ஏந்திக்கொண்டு நின்று என் குடும்பக் கதையைக் கேட்டேன். சன்னலுக்கு வெளியே ராஜத்தின் வெள்ளைப் புடவைத் தலைப்புத் தெரியும்.

அரக்கோணத்திலிருந்து வாரத்துக்கு ஒரு முறை வரும் டாக்டரம்மா பார்த்துவிட்டு, விரலை எடுத்தே ஆக வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அம்மாளின் கணவர் வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக வந்தவருக்கு உட்கார நாற்காலி இல்லை. மூன்றாம் வகுப்புப் பெஞ்சில், முழங்கால் மோவாயைத் தொட, உட்கார்ந்தார்.

"காலு இருக்குமா?" என்று நைனாவைக் கேட்டார்.

"காலு இருக்கும்ங்க. ஒரு வெரலுதான் போவும்."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் பேசினார். மறுநாள் அறுவைக்கு வந்த டாக்டரம்மா, சர்க்கரை உடம்புக்கு மயக்க மருந்து வேண்டாம் என்று விரலைச் சுற்றி மட்டும் ஊசி போட்டார். நைனா தலைமாட்டில் நின்றுகொண்டார். என்னை வெந்நீர் போடப் பின்னால் அனுப்பினார்கள்.

விறகு ஈரம். புகை. தண்ணீர் கொதிப்பதற்குள் எனக்கு உயிர் போயிற்று. உள்ளேயிருந்து அம்மாளின் முனகல் வரும், நடுவில் நைனாவின் குரல் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். வார்த்தை மட்டும் பிடிபடவில்லை. நான் வெந்நீரோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நைனா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாள் அவருடைய இன்னொரு கையைப் பிடித்திருந்தார்.

கேட்க வேண்டியவர்

புண் ஆறியது. ஆனி பிறந்து பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே பட்டணத்தில் பயம் குறைந்துவிட்டது. வந்தவர்களெல்லாம் மூட்டை கட்டினார்கள். ஸ்டேஷனில் அம்மாள் என்னைத் தனியே அழைத்தார்.

"எஸ்தர், வெரல எடுத்த அன்னிக்கு ஒங்க நைனா ஒண்ணு சொன்னாரு. அத நீ தெரிஞ்சுக்கணும். ஆனா நான் சொல்றது மொறையில்ல. அவரையே கேளு."

அன்று மாலையே கேட்டேன். நைனா மருந்துச் சாலைச் சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"அதான் அந்தம்மாகிட்ட சொல்லிட்டனே" என்றார். "எத்தினி தபா சொல்றது?"

அதன் பிறகு அவர் அந்தக் கரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன். யுத்தம் முடிந்த வருஷம் நைனா காலமானார். அடக்கத்துக்குப் பாதி ஊர் வந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றது.

ராஜம்

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து, ஆசிரியைகளுக்கான ஒரு வகுப்புக்காகச் சென்னைக்குப் போனேன். ஒரு மாலை திருவல்லிக்கேணியில் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவர் ராஜம். கொஞ்சம் நரைத்திருந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டார்.

"அண்ணி போயி ரெண்டு வருஷம் ஆவுது" என்றார்.

நான் நிலைப்படிக்கு வெளியே நின்றேன். அவர் உள்ளே நின்றார். கதவில் ஒரு கை இருந்தது.  நான் கிளம்பத் திரும்பினேன்.

"நைனா எப்படி இருக்காரு?"

"அவரும் இல்லீங்க."

"ஒன்கிட்ட சொன்னாரா?"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அறுவை நடந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். ராஜம் சன்னலோரம் இருந்தார்.

"சொல்லல" என்றேன்.

ராஜம் தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தாழ்ந்த குரலில், பாடம் ஒப்பிப்பவர்போல நிறுத்தாமல் சொன்னார்.

"ஒங்க தாத்தாவோட அம்மா பஞ்சத்துல சாவல. புள்ளையக் கஞ்சிக் கொட்டாயில விட்டுட்டு, ஆளுங்களோட ரயில் ரோட்டப் புடிச்சு இங்க பட்டணத்துக்கு நடந்து வந்து, கப்பல் ஏறிட்டாங்க. எந்தத் தீவோ, ஒங்க நைனாவுக்கே தெரியல. பல வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தாங்க. அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்லதான் வந்து நின்னாங்க. அப்ப ஒங்க தாத்தா சட்டை போட்டுக்கினு, பசங்களுக்குப் பாடம் சொல்லிக்கினு இருந்தாரு. யார் இந்தம்மான்னு பாதிரியார் கேட்டதுக்கு, தெரியாதுன்னுட்டாரு. அவங்க மணி அடிக்கிற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் போயிட்டாங்க. சாவப்போற நேரத்துலதான் தாத்தா இத ஒங்க நைனாகிட்ட சொல்லி அழுதாராம். பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அண்ணிகிட்ட கேட்டாரு ஒங்க நைனா."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கு வெரல வெட்டிக்கினு இருந்தாங்களே. என்னத்தச் சொல்லுவாங்க? கையப் புடிச்சுக்கினாங்க."

உள்ளே எங்கோ கடிகாரம் அடித்தது. ராஜம் ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னார்:

"தாத்தாவோட அம்மா பேரு கன்னியம்மா."

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.  சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை என்று தோன்றியது. இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

ராஜம் என்னைப் பார்த்தார். கதவிலிருந்து கையை எடுத்தார்.

"உள்ள வந்து உக்காரு" என்றார். "சொல்றேன்."